நாட்சம்பளமும் கொழுந்துத் தராசும்



இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். சாயத்தண்ணி ஒன்றை ஊற்றி வைத்துக்கொண்டு ஆறுதலாக வாசியுங்கள்.

2025 நவம்பர் வரவு செலவுத் திட்டத்தில் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1,750 ரூபாவாக உயரும் என்று அறிவித்த பிறகு, நம் பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவில் நடந்த வாக்குவாதத்தைப் பார்த்திருப்பீர்கள். கொழும்பில் கணக்குவேலை பார்க்கும் ஒரு பிள்ளை, "சம்பளத்தை இப்படியே கூட்டிக்கொண்டு போனால் கம்பனிகள் தோட்டத்தைக் காடாக விட்டுவிடும், இருக்கிற வேலையும் போகும்" என்று எழுதினான். இன்னொரு பிள்ளை, "நீ படித்தது யார் பறித்த கொழுந்தில்?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு கொஞ்சம் சூடாகிவிட்டது. கடைசியில், "டீச்சர், நீங்கள்தான் சொல்ல வேண்டும்" என்று என்னையும் இழுத்துவிட்டார்கள்.

நான் பொருளியல் படித்தவள் இல்லை. ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்று, சமூகக்கல்வியும் வரலாறும் படிப்பித்தவள். அதனால் எனக்குத் தெரிந்த வழியில், நடந்த கதையை வரிசைப்படி சொல்கிறேன். மலையகத்தில் குறைந்தபட்சச் சம்பளச் சட்டத்துக்குக் கிட்டத்தட்ட நூறு வயது. அந்தக் கதை முழுவதிலும் இரண்டு எண்கள் இருக்கின்றன. ஒன்று, ஒரு நாளைக்கு எத்தனை ரூபா என்பது. மற்றது, எது ஒரு நாள் என்பது. முதல் எண்ணைச் சட்டம் எழுதுகிறது. இரண்டாவது எண்ணைத் தோட்டம் எழுதுகிறது. முதலாவதை மட்டும் பார்த்து நாம் சந்தோஷப்படுகிறோம் அல்லது சண்டை பிடிக்கிறோம்.

*பேர் என்றால் என்ன?*

தோட்டத்துக்கு வெளியே பிறந்த உறவுகளுக்காக இதைச் சொல்ல வேண்டும். காலையில் பெரட்டுக்களத்தில் ஆள் எடுப்பார்கள். வேலைக்கு வந்தவரின் பெயர் செக்ரோலில் விழும். அதைத்தான் "பேர்" என்போம். மாதத்தில் 20 பேர் என்றால் 20 நாள் சம்பளம்.

ஆனால் காலையில் வந்து நின்றால் மட்டும் பேர் விழாது. கொழுந்து பறிக்கும் பெண் தோட்டம் சொல்லும் கிலோ அளவை மடுவத்தில் நிறுத்துக் கொடுக்க வேண்டும். அந்த அளவு தோட்டத்துக்குத் தோட்டம், மலைக்கு மலை, பருவத்துக்குப் பருவம் மாறும். அளவு குறைந்தால் "அரைப்பேர்", அதாவது அரைநாள் சம்பளம். காலை ஏழரைக்கு மலையேறி மாலை நாலரை வரை நின்றிருந்தாலும் அரைப்பேர்தான். கூடுதலாகப் பறித்தால் மேலதிகக் கிலோவுக்குத் தனிக் காசு உண்டு. நிறுக்கும்போது சாக்குக்கும் ஈரத்துக்கும் என்று இரண்டு மூன்று கிலோ கழிப்பதும் உண்டு.

ஆக, சட்டத்தின் கண்ணில் நாள் என்பது மணித்தியாலம். மடுவத்தின் கண்ணில் நாள் என்பது நிறை. இந்த இடைவெளியை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

*54 சதம்*

தொடக்க காலத்தில் நம் ஆட்களின் கூலி கங்காணியின் கையில் இருந்தது. தமிழ்நாட்டிலிருந்து அழைத்து வந்த செலவு முதல் அரிசிக் கணக்கு வரை கடனாக எழுதப்பட்டு, அந்தக் கடன் "துண்டு" என்ற சீட்டாகத் தொழிலாளியோடு தோட்டம் தோட்டமாகப் போனது. 1921 இல்தான் துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது.

1922 இல் இந்தியாவில் குடிபெயர்வுச் சட்டம் வந்தது. வெளிநாட்டுக்குக் கூலியாட்கள் போக வேண்டுமானால் அங்கே அவர்களுக்கு ஒழுங்கான கூலி உண்டா என்று இந்திய அரசு கேட்கத் தொடங்கியது. கண்டியில் இந்திய அரசின் முகவர் ஒருவர் வந்து அமர்ந்தார். ஆட்கள் வருவது நின்றுவிடும் என்ற பயம் துரைமாருக்கு. அந்த அழுத்தத்தில்தான் 1927 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கக் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் பிறந்தது.

1929 இலிருந்து நடைமுறைக்கு வந்த கூலி இது: மலைநாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைக்கு 32 சதம். இடைநாட்டுக்கும் தாழ்நாட்டுக்கும் அதைவிடச் சற்றுக் குறைவு. கூடவே, தோட்டம் கொடுக்கும் அரிசியின் விலைக்கும் ஓர் உச்சவரம்பு வைத்தார்கள். இது முக்கியம். கூலியைக் கூட்டிவிட்டு அரிசி விலையில் அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம் என்பது அன்றைக்கே சட்டம் எழுதியவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு வாசலைப் பூட்டினார்கள்.

மற்ற வாசல்கள் திறந்திருந்தன. சில வருடங்களில் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. தேயிலை விலை விழுந்தது. 1933 இல் தேயிலை விளைவிக்கும் நாடுகள் சேர்ந்து ஏற்றுமதியைக் கட்டுப்படுத்த ஒப்பந்தம் செய்தன. குறைந்தபட்சக் கூலியைச் சட்டப்படியே கீழே இறக்கினார்கள். வேலை நாளும் குறைந்தது. ஆயிரக்கணக்கானோர் இந்தியா திரும்பினார்கள். கோ. நடேசய்யர் தோட்டத் தொழிலாளருக்கென்று சங்கம் கட்டி அலைந்ததும் இந்தக் காலத்தில்தான். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் சம்பள உயர்வு கேட்டு நடந்த வேலைநிறுத்தத்தின்போது பொலிஸார் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். மலையகத் தொழிற்சங்கப் போராட்டத்தின் முதல் தியாகி என்று நாம் நினைவுகூர்வது அவரைத்தான். அடுத்த வருடம், 1941 இல், சம்பளச் சபைகள் சட்டம் வந்தது. தொழிலாளர் பிரதிநிதி, முதலாளி பிரதிநிதி, அரசு நியமித்தவர்கள் என்று மூன்று தரப்பும் உட்கார்ந்து ஒரு தொழிலுக்கான சம்பளத்தைத் தீர்மானிக்கும் முறை அது. இன்றுவரை இருப்பதும் அதுதான்.

*பெண்ணின் சம்பளம்*

கொழுந்து பறிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் பெண்கள். ஆனால் 1929 இலிருந்து 1984 வரை, 55 வருடம், சட்டமே பெண்ணுக்குக் குறைந்த சம்பளம் எழுதி வைத்திருந்தது. 1984 ஏப்ரல் வேலைநிறுத்தத்துக்குப் பிறகுதான் ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் ஆனது.

அப்போது நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. என் அம்மா கொழுந்துக் கூடை சுமந்தவர். சம சம்பளம் வந்த மாதம் அம்மா சம்பளத்தை எண்ணிப் பார்த்துவிட்டுச் சொன்னது இதுதான்: "காசு ஒன்னாயிருச்சு, நேரம் ஒன்னாகலையே." ஆண்களுக்குக் கவ்வாத்து, உரம் போடுதல், கான் வெட்டுதல் என்று கணக்கு வேலை. இத்தனை செடி, இத்தனை அடி என்று முடித்துவிட்டால் மத்தியானத்துக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம். பெண்களுக்கு மாலை நிறுவை முடியும்வரை மலைதான். சம்பளம் சமமானது பெரிய வெற்றி, அதில் சந்தேகமே இல்லை. அம்மாவின் சேமலாப நிதியிலும் சர்விஸ் காசிலும் அந்த வித்தியாசம் பின்னாளில் தெரிந்தது. ஆனால் "நாள்" என்ற சொல் ஆணுக்கு ஒன்றாகவும் பெண்ணுக்கு வேறொன்றாகவும் தொடர்ந்தது.

*கூட்டு ஒப்பந்தக் காலம்*

1970களில் அரசுடைமையான தோட்டங்களின் நிர்வாகம் 1992 இல் தனியார் கம்பனிகளின் கைக்குப் போனது. நிலம் அரசினுடையது, குத்தகை 53 வருடம். அதன் பிறகு சம்பளம் பெரும்பாலும் கூட்டு ஒப்பந்தத்தில் தீர்மானமானது. இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை முதலாளிமார் சம்மேளனமும் மூன்று தொழிற்சங்கத் தரப்புகளும் கையெழுத்துப் போடுவார்கள்.

அந்த ஒப்பந்தங்களின் எண்களைப் பாருங்கள். 2013 இல் மொத்தம் 620 ரூபா. அதில் அடிப்படைச் சம்பளம் 450, வரவுக் கொடுப்பனவு 140, தேயிலை விலைக்கான பங்கு 30. 2016 இல் மொத்தம் 730. அடிப்படை 500, மிகுதி நான்கில் ஒரு பங்குக்கும் மேல் கொடுப்பனவுகள். வரவுக் கொடுப்பனவு வேண்டுமானால் தோட்டம் வேலை கொடுத்த நாட்களில் நூற்றுக்கு 75 நாள் வந்திருக்க வேண்டும். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சில நாள் நின்றுவிட்டால் மாதம் முழுவதற்கும் அந்தக் காசு இல்லை. உற்பத்திக் கொடுப்பனவு வேண்டுமானால் கிலோ அளவு நிறைய வேண்டும். சேமலாப நிதியும் பணிக்கொடையும் அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான் கணக்கு. பேப்பரில் 730 என்று தலைப்பு வரும். கையில் வருவது வேறு.

இதைப் புரிந்துகொண்ட தலைமுறை வந்தபோதுதான் "அடிப்படைச் சம்பளம் 1,000" என்ற கோரிக்கை எழுந்தது. 2018 ஒக்டோபரில் மலையகத்தைச் சேர்ந்த இளைஞர்கள் கறுப்பு உடையில் கொழும்பு காலிமுகத்திடலில் கூடினார்கள். அவர்களில் நம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் நின்றார்கள். அப்பா அம்மாவின் சம்பளத்துக்காகக் கடையிலும் அலுவலகத்திலும் வேலை பார்க்கும் பிள்ளைகள் தெருவுக்கு வந்தது அதற்கு முன் நான் கண்டிராதது.

2019 இல் அடிப்படை 700 ஆனது. 500 இலிருந்து 700 என்பது நூற்றுக்கு 40 உயர்வு. ஆனால் வரவுக் கொடுப்பனவும் உற்பத்திக் கொடுப்பனவும் எடுக்கப்பட்டன. மொத்தம் 730 இலிருந்து 750. அன்றாடம் கையில் கூடியது 20 ரூபா.

*கரும்பலகைக் கணக்கு*

2021 மார்ச்சில் சம்பளச் சபையின் தீர்மானமாக 1,000 ரூபா வர்த்தமானியில் வந்தது. 900 அடிப்படை, 100 வரவு செலவுத் திட்டக் கொடுப்பனவு. கம்பனிகள் நீதிமன்றம் போயின. மேன்முறையீட்டு நீதிமன்றம் இடைக்காலத் தடை கொடுக்க மறுத்தது. 1,000 ரூபா உறுதியானது.

இப்போது கம்பனியின் பக்கம் நின்று ஒரு கணக்குப் போடுவோம். ஆண்டு எட்டுப் பிள்ளைகளுக்குப் போட்ட மாதிரி எளிய கணக்குத்தான்.

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு ஏறக்குறைய நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து வேண்டும். ஒரு பெண் நாளைக்கு 18 கிலோ பறிக்கிறார் என்றால் 4 கிலோ தூள்.

பழைய கணக்கு: சம்பளம் 750. அடிப்படை 700க்குச் சேமலாப நிதி 12, நம்பிக்கை நிதி 3, ஆக நூற்றுக்கு 15 வீதம் 105 ரூபா. மொத்தம் 855. நாலால் வகுத்தால், ஒரு கிலோ தூளுக்குப் பறிப்புக் கூலி சுமார் 214 ரூபா.

புதிய கணக்கு: 1,000, அதற்கு நிதி 150, மொத்தம் 1,150. நாலால் வகுத்தால் சுமார் 288 ரூபா.

2021 இல் கொழும்பு ஏலத்தில் ஒரு கிலோ தேயிலையின் சராசரி விலை சுமார் 620 ரூபா. பறிப்புக்கு மட்டும் நூற்றுக்கு 35 போன இடத்தில் 46 போகிறது. உரம், தொழிற்சாலை, மின்சாரம், உத்தியோகத்தர் எல்லாம் மிகுதியில். ஏல விலையைத் தோட்டம் நிர்ணயிக்க முடியாது. ஆகவே கம்பனிகள் கத்தியது முழுக்க நடிப்பு என்று சொல்ல மாட்டேன். கொழும்புப் பிள்ளை சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருக்கிறது.

ஆனால் கணக்கு இங்கே முடியவில்லை. சட்டம் 1,000 என்ற எண்ணைத்தான் பூட்டியது. 18 என்ற எண்ணைப் பூட்டவில்லை. அதை 20 ஆக்கினால் 288 ரூபா 259 ஆக இறங்கும். 22 ஆக்கினால் 235. 24 ஆக்கினால் 216, கிட்டத்தட்டப் பழைய 214 தான். ஆறு கிலோ கூட்டினால் 250 ரூபா உயர்வு கம்பனியின் புத்தகத்திலிருந்து மறைந்துவிடும். அது யாருடைய முதுகுக்குப் போகிறது என்று சொல்லத் தேவையில்லை.

நாட்களையும் பாருங்கள். மாதம் 25 நாள் 750 ரூபாப்படி 18,750. அதுவே 18 நாள் 1,000 ரூபாப்படி 18,000. நாட்சம்பளம் மூன்றில் ஒரு பங்கு கூடியும் மாதச் சம்பளம் குறையலாம்.

இது வெறும் கரும்பலகைக் கணக்கு இல்லை. 1,000 ரூபா வந்த பிறகு பல தோட்டங்களில் 20 கிலோ கேட்டார்கள். எடுக்காதவருக்கு அரைப்பேர். சில இடங்களில் வாரத்துக்கு மூன்று நாலு நாள்தான் பேருக்கு வேலை, மிகுதி நாள் "கைக்காசு", அதாவது கிலோவுக்கு இவ்வளவு என்று கொடுத்துவிட்டு நிதி எதுவும் கட்டாத வேலை. அதை எதிர்த்துத் தோட்டம் தோட்டமாக வேலைநிறுத்தம் நடந்தது. புல் வெட்டும் ஆட்களைக் குறைத்துவிட்டதால் மலை காடாகி, குளவிக் கொட்டும் அட்டைக் கடியும் கூடிவிட்டது என்று பெண்கள் சொன்னார்கள்.

18 கிலோ எடுத்து முழுப்பேர் வாங்கிய ஐம்பது வயதுப் பெண்ணை நினைத்துப் பாருங்கள். அளவு 20 ஆனதும் அவருக்கு அரைப்பேர், 500 ரூபா. சம்பள உயர்வுக்கு முந்திய நாளில் அவருக்கு 750. இளம் கைக்கு உயர்வு, வயதான கைக்கு வெட்டு.

*போன கேடயம்*

இதில் அதிகம் பேசப்படாத ஒன்று இருக்கிறது. சம்பளச் சபை மூலம் 1,000 வந்ததும் கம்பனிகள் கூட்டு ஒப்பந்தத்திலிருந்து விலகிக்கொண்டன. சங்கச் சந்தாவைச் சம்பளத்தில் பிடித்துக் கொடுப்பதையும் நிறுத்தின.

கூட்டு ஒப்பந்தத்தை நாம் எவ்வளவு திட்டினோம்! திட்டத்தக்கதாகத்தான் இருந்தது. ஆனால் அதில் சம்பளம் மட்டும் இருக்கவில்லை. வேலை அளவு, நலன்கள், பிணக்கு வந்தால் பேசும் முறை என்பனவும் இருந்தன. சம்பளச் சபையின் வர்த்தமானியோ ரூபாவைச் சொல்கிறது, கிலோவைச் சொல்வதில்லை. முதல் எண்ணை உயர்த்திய அதே மாதங்களில், இரண்டாவது எண்ணைப் பற்றி மேசையில் உட்கார்ந்து பேசும் இடம் போய்விட்டது. 1927 இல் அரிசி விலைக்கு உச்சவரம்பு எழுதியவர்களுக்கு இருந்த முன்யோசனை 2021 இல் நமக்கு இருக்கவில்லை.

*அமெரிக்காவில் ஓர் ஆய்வு*

"சம்பளம் கூடினால் வேலை போகும்" என்பது பொருளியல் பாடநூலில் வெகுகாலம் இருந்த கருத்து. அதே 2021 இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்ற டேவிட் கார்டும், 2019 இல் இறந்துவிட்ட அலன் குரூகரும் அதை நேரில் சோதித்தவர்கள். அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில் 1992 ஏப்ரலில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 4.25 டொலரிலிருந்து 5.05 டொலரானது. பக்கத்து மாநிலமான பென்சில்வேனியாவில் கூடவில்லை. எல்லையின் இரு பக்கமும் 410 துரித உணவுக் கடைகளை முன்னும் பின்னும் விசாரித்தார்கள். கூலி கூடிய பக்கத்தில் வேலை குறையவில்லை. 1994 இல் வெளியான அந்த ஆய்வை மறுத்தும் பலர் எழுதினார்கள். ஆனாலும் "கூட்டினால் கட்டாயம் வேலை போகும்" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்ல முடியாத நிலை அதன் பிறகு வந்தது.

இதை வைத்து நம் கதையை முடித்துவிடலாம் என்று சிலருக்குத் தோன்றும். எனக்கு அதில் கண்ணில் பட்டது வேறு. அந்தக் கடையில் கூலி மணிக்கு. சுவரில் கடிகாரம் தொங்குகிறது, ஒரு மணிக்கு அறுபது நிமிடம். முதலாளி நினைத்தால் அதை எழுபதாக்க முடியாது. நம் மலையில் கடிகாரத்துக்குப் பதில் தராசு. தராசின் அளவை ஒரு பக்கத்தார் மட்டும் மாற்றலாம் என்றால் அந்தக் குறைந்தபட்சச் சம்பளம் பாதிக் குறைந்தபட்சம்தான்.

*மூன்று வருடம் அசையாத எண்*

1,000 ரூபா வந்த சில வாரங்களில் இரசாயன உரத் தடை வந்தது. விளைச்சல் விழுந்தது. 2021 இல் நாடு முழுவதும் கிட்டத்தட்ட 30 கோடி கிலோ தேயிலை. 2022 இல் அது சுமார் 25 கோடி. செடியில் கொழுந்தே இல்லாதபோது 20 கிலோவுக்கு எங்கே போவது?

பிறகு ரூபா விழுந்தது. டொலர் 200 ரூபாவாக இருந்தபோது 1,000 ரூபா என்பது 5 டொலர். 2022 நடுப்பகுதியில் டொலர் 360 ஆனதும் அது 3 டொலருக்கும் குறைவு. 2022 செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் நூற்றுக்கு 70ஐத் தொட்டது. லயத்தில் ரொட்டிக்கு வாங்கும் கோதுமை மா பல மடங்கு ஏறியது.

தேயிலை டொலருக்கு விற்கும் பொருள் அல்லவா? 2022 இல் கொழும்பு ஏலத்தின் சராசரி விலை 1,200 ரூபாவைத் தாண்டியது. முந்திய கணக்கின்படி 288 ரூபாப் பறிப்புக் கூலி அந்த விலையில் நூற்றுக்கு 24 தான். 1,000 ரூபாவுக்கு முன்பிருந்த 35ஐவிடக் குறைவு. உரம், எரிபொருள், மின்சாரம் எல்லாம் ஏறியதும் உண்மை. ஆனால் 1,000 ரூபா மட்டும் 2024 வரை ஏறவில்லை.

2024 மே தினத்தன்று கொட்டகலையில் அன்றைய ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க 1,700 அறிவித்தார். ஜூலையில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை போட்டது. செப்டெம்பரில் 1,350 ஆக முடிந்தது. இப்போது சொல்லும் 1,750 இல் கம்பனி தருவது 1,550. மிகுதி 200 அரசு தரும் வரவுக் கொடுப்பனவு. தனியார் கம்பனியின் சம்பளத்தில் ஒரு பகுதியை மக்கள் வரிப்பணத்தில் கொடுப்பது சரியா என்ற கேள்வி ஒரு பக்கம். வேலைக்கு வந்த நாளுக்குத்தான் அந்த 200 என்றால், மாதம் எத்தனை நாள் வேலை கொடுப்பார்கள் என்ற நம் பழைய கேள்வி மறு பக்கம்.

*ஆள் இல்லாத மலை*

முதலாளி பக்கத்துக்கு இன்னொரு பாடமும் இந்த வரலாற்றில் உண்டு. 1992 இல் கம்பனிகள் பொறுப்பெடுத்தபோது தோட்டங்களில் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர் இருந்தார்கள். இன்று ஒன்றரை இலட்சமும் இல்லை. "பறிக்க ஆள் இல்லை" என்று அவர்களே சொல்கிறார்கள். சம்பளம் கூடியதால் துரத்தப்பட்டவர்கள் அல்லர் இவர்கள். பெரும்பாலோர் சம்பளம் போதாமல் தாமாகவே கொழும்புக்கும் ஆடைத் தொழிற்சாலைக்கும் மத்திய கிழக்குக்கும் போனவர்கள். கூலியைக் குறைவாக வைத்து மிச்சம் பிடித்த காசு, ஆள் இல்லாமல் பறிக்காது முற்றிய கொழுந்தாக மலையிலேயே போகிறது. நூறு வயதுச் செடிகளைப் பிடுங்கி மறுநடுகை செய்திருந்தால் 18 கிலோ எடுக்கும் கையே 25 எடுத்திருக்கும். கிலோவைக் கூட்ட இரண்டு வழி உண்டு. செடியை நல்லதாக்குவது ஒன்று, பெண்ணை இன்னும் விரட்டுவது மற்றது. குறைந்தபட்சச் சம்பளம் உயர்வதன் நல்ல பலன் என்று சொல்வதெல்லாம் முதலாளியை முதல் வழிக்குத் தள்ளுவதுதான். இரண்டாவது வழியை அடைக்காவிட்டால் அவர் ஏன் முதல் வழிக்குப் போகப்போகிறார்?

சில கம்பனிகள் செடிகளைக் குடும்பத்துக்குப் பிரித்துக் கொடுத்துக் கொழுந்துக்கு விலை கொடுக்கும் முறையைக் கொண்டுவந்திருக்கின்றன. ஆள் பலம் உள்ள வீட்டில் வருமானம் கூடியதும் உண்டு. ஆனால் சேமலாப நிதி, பணிக்கொடை, நிலத்துக்கு உறுதி இவை என்னவாகும் என்று கேட்காமல் யாரும் கையெழுத்துப் போட வேண்டாம்.

*ஆகவே, பிள்ளைகளே*

குழுவில் சண்டை பிடித்த இருவருக்கும் என் பதில் இதுதான். சம்பளம் உயரத்தான் வேண்டும். நூறு வருடத்தில் ஒரு தடவையாவது கேட்காமல் உயர்ந்ததாக நான் படித்ததில்லை. ஆனால் வர்த்தமானியில் ரூபாவை மட்டும் எழுதினால் பாதிச் சட்டம்தான் கிடைக்கும். ஒரு பேருக்கு எத்தனை கிலோ, அதை யார் பேசித் தீர்மானிப்பது, மாதத்தில் குறைந்தது எத்தனை நாள் வேலை, இந்த மூன்றும் ரூபாவோடு சேர்ந்து எழுதப்பட வேண்டும்.

உங்களில் சட்டத்தரணிகள் இருக்கிறீர்கள், சங்கத்தில் இருப்பவர்கள் இருக்கிறீர்கள், கம்பனி அலுவலகத்திலேயே கணக்கு எழுதுபவர்களும் இருக்கிறீர்கள். எல்லோருக்கும் ஒரு வீட்டுவேலை தருகிறேன். அம்மா, அத்தை, மாமி, பக்கத்து லயத்து அக்கா, யாராவது இன்னும் மலையில் இருந்தால் அவருடைய சம்பளத் துண்டைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். எத்தனை பேர், எத்தனை அரைப்பேர், எத்தனை கைக்காசு நாள், நிதி எவ்வளவு கட்டியிருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதுங்கள். பெயரும் தோட்டமும் வேண்டாம், மாதத்தையும் எண்களையும் மட்டும் எனக்கு உள்பெட்டியில் அனுப்புங்கள். 2021 க்கு முந்திய பழைய துண்டுகள் டிரங்குப் பெட்டியில் கிடந்தால் இன்னும் நல்லது. ஓய்வூதியக்காரிக்கு நேரம் நிறைய இருக்கிறது. நான் வரிசையாக எழுதி வைக்கிறேன். அடுத்த தடவை யாராவது ஒரு பெரிய எண்ணை மேடையில் அறிவிக்கும்போது, மற்ற எண்கள் எங்கே என்று கேட்க நம் கையில் ஏதாவது இருக்க வேண்டும்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்